நல்லா இருக்கிற பிள்ளை எங்கே?

அந்த டாக்டரம்மாவை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. மூச்சு இளைக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் நனைந்து போய் நிற்கிறேன். பிள்ளைக்கு விலா எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழுந்து விழுந்து எழும்புகிறது. அவர் ஒரு பார்வை பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டு, பிள்ளையை மடியில் வைத்து மெஷினில் மருந்துப் புகை பிடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம், என் முந்தானையைப் பிடித்தபடி பன் தின்றுகொண்டிருந்த இன்னொரு பிள்ளையிடம் குனிந்து, "நீ இங்கன வா தாயி. உன் மூக்கைக் காட்டு பாப்போம்" என்கிறார்.

"டாக்டரம்மா, சீக்கு அவளுக்கு" என்றேன்.

"தெரியுது. நீங்க கேட்டைத் திறக்கும்போதே அவ மூச்சுச் சத்தம் கேட்டுட்டு. மருந்து உள்ள போயிட்டிருக்கு, போகட்டும். இவளுக்கும் சளி பிடிச்சிருக்கா இல்லையா?"

"பிடிச்சிருக்கு. லேசா மூக்கு ஒழுகுது. அது ஒண்ணுமில்ல."

"அந்த ஒண்ணுமில்லதான் எனக்கு வேணும்" என்றார்.

சரியான கிறுக்கச்சியிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். பாளையங்கோட்டையில் வேறு டாக்டரா இல்லை?

அப்போது என் பெண்களுக்கு மூன்று வயது. தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். கோமதி, வடிவு. ஒரே பிரசவம், ஒரே முகம், ஒரே குரல். கோமதிக்கு இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். அதைப் பார்க்காமல் நானே பல நாள் மாற்றிக் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் மச்சம் பார்க்கத் தேவையில்லை. சளி வீட்டுக்குள் நுழைந்தால் இருவரையும் சேர்த்தே பிடிக்கும். வடிவு நாலு தும்மல் போட்டுவிட்டு விளையாடப் போய்விடுவாள். கோமதிக்கு அது நெஞ்சுக்கு இறங்கும். பூனை குறுகுறுக்கிற மாதிரி ஒரு சத்தம் ஆரம்பிக்கும். அதற்கப்புறம் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

அதற்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் டாக்டர் தேவைப்படவில்லை. மதினி இருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. பிள்ளைக்கு மூச்சு இளைக்கிறது என்று காதில் விழுந்ததும் வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்: "என்னத்தட்டி குடுத்த பிள்ளைக்கு?" தயிர் கொடுத்தேனா, வாழைப்பழம் கொடுத்தேனா, பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றினேனா. ஒன்றும் அகப்படாவிட்டால், நான் டெலிபோன் ஆபீசுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறேன் என்கிற குற்றம் இருக்கவே இருக்கிறது. மதினி கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான். ஆனால் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி என் மனசுக்குள்ளேயே குடியேறிவிட்டது. கோமதியின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். என்னத்தக் குடுத்தேன்? என்னத்தச் செஞ்சேன்?

டாக்டரம்மாவிடம் வருகிறேன். அவரைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. அதை வேப்பங்கிளை முழுசாக மறைத்திருந்தது, அவரும் கிளையை வெட்டச் சொல்லவில்லை. 'மூக்கு டாக்டரம்மா வீடு' என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இத்தனைக்கும் அவர் மூக்கு டாக்டர் இல்லை, பிள்ளைகள் டாக்டர். பகலில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. சாயங்காலம் வீட்டு முன்னறையில் பார்ப்பார். ஆள் குள்ளம். கைத்தறிச் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதையே வீடெல்லாம் தேடுவார்.

யார் எந்தப் பிள்ளையைக் கொண்டு போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "நல்லா இருக்கிற பிள்ளை எங்க?"

சீவலப்பேரியிலிருந்து ஒரு அம்மா, நடவு வேலையை விட்டுவிட்டு, இடுப்பில் பிள்ளையோடு டவுன் பஸ்ஸில் வந்திருந்தாள். இருமல் கேட்டுக் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தோம். டாக்டரம்மா பார்த்து மருந்து கொடுத்துவிட்டு, "மத்ததுகள் எங்க?" என்றார்.

"மத்ததுக நல்லா இருக்கும்மா. தெருவுல ஆடிக்கிட்டுக் கெடக்கும்."

"அதுகளுக்கும் சளி வந்துதா?"

"வந்துது, போயிட்டு."

"அப்ப அதுகளைத்தான நான் பாக்கணும்? அடுத்த தடவை எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்க."

அந்தப் புண்ணியவதி சொன்ன சொல் தட்டாமல், மறுவாரம் தன் பிள்ளைகள், கொழுந்தன் பிள்ளைகள், போதாததற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று என்று ஒரு படையையே திரட்டிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் என்ன கல்யாணமா என்று கேட்டாராம். "இல்லண்ணே, மூக்கு காட்டப் போறோம்" என்று சொன்னதாக அவளே சொல்லிச் சிரித்தாள். டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொரு மூக்கிலும் பஞ்சுக் குச்சியால் பைய ஒரு துடைப்பு. துடைத்ததைக் கண்ணாடிச் சில்லில் தடவி வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கடலை மிட்டாய்.

ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் நல்ல பிள்ளைகளின் நெஞ்சில் வைப்பார். "சீக்குப் பிள்ளை எதையும் தாங்கிக்கிடும். நல்ல பிள்ளைதான் சில்லுன்னு பட்டா அழும்" என்பார். அப்புறம் இன்னொரு கேள்வி உண்டு. "உங்க வீட்டுல படுக்கை வரிசையைச் சொல்லுங்க." யார் பக்கத்தில் யார் படுக்கிறார்கள், யார் யார் ஒரே போர்வை. முதன்முதல் கேட்கிறவர்கள் வெட்கப்பட்டு நெளிவார்கள். அவர் நெளிய மாட்டார். ஒரே போர்வைக்குள் ஒரே சளி, ஒருத்தன் எழுந்து பள்ளிக்கூடம் போகிறான், ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், இது ஏன் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பார்.

சோறு இறங்கவில்லை என்று சொல்வாரே தவிர, நன்றாகச் சாப்பிடுவார். சொதிக்குழம்பும் இஞ்சிப் பச்சடியும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நோயாளி பார்க்க வரும்போது கையில் வாசனை வரும்.

அவருடைய வீட்டுக்காரர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அந்த மனிதருக்குச் சளியே பிடிக்காது. கார்த்திகை மாதத்துக் குளிரில் விடியக்காலம் குறுக்குத்துறை ஆற்றில் முங்கிவிட்டு ஈரத்துண்டோடு வீட்டுக்கு வருவார். ராத்திரியில் தயிர் இல்லாமல் சாப்பிட மாட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் வருகிறவர்கள், அவர்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். டாக்டரம்மாவுக்கு இது ஒரு தீராத எரிச்சல்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மனுசன் தும்மி நான் பாத்தது கிடையாது" என்று எங்களிடம் குறைப்படுவார். மற்ற பெண்கள் புருஷன் குடிக்கிறான், சீட்டாடுகிறான் என்று குறை சொல்வதுபோல இருக்கும்.

"தும்மினா உனக்குச் சந்தோசம்னா, நாளைக்கே தும்முதேன்" என்பார் சார், பேப்பரை இறக்காமல்.

மழைக்காலம் பிறந்தால் முதல் பஞ்சுக் குச்சி அவர் மூக்குக்குத்தான். சவரத்துக்கு உட்கார்ந்த மாதிரி தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும்.

ஊரில் சும்மா இருப்பார்களா? எங்கள் டெலிபோன் ஆபீசில் ஒருத்தர், "உங்க பிள்ளைக சளி அமெரிக்காவுக்குப் போயிட்டாமே, பாஸ்போர்ட் எடுத்தாச்சா" என்று கேட்டார். நான் இதைப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அமெரிக்கா எங்கம்மா, ஆஸ்பத்திரி மாடி வரைக்கும்தான் போகுது" என்றார். வேலை முடிந்தபின் மாடியில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து அந்தக் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம். என்ன தெரிகிறது என்று கேட்டேன். "மூக்குத் தோல்ல உள்ள செல்லெல்லாம் நல்லாத் தெரியுது. அதுக உள்ளுக்குள்ள என்ன செய்யுதுகன்னுதான் தெரியல" என்றார்.

எல்லாம் சரி. ஆனால் அந்த ஆசை சில நேரம் எல்லை தாண்டிவிடும். மேலப்பாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள், எல்லாருக்கும் மூக்கு ஒழுகல், நடுவில் ஒரே ஒரு பையனுக்கு மட்டும் மூச்சிளைப்பு. பையனுக்கு மருந்து கொடுத்து உட்காரவைத்துவிட்டு, மற்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா கையைத் தட்டி, "அருமையான வீடு" என்றார்.

அந்தப் பையனின் தாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன டாக்டரம்மா, புள்ள மூச்சு விட மாட்டாம கெடக்கான். அருமையான வீடுங்கியளே."

டாக்டரம்மாவின் முகம் கறுத்துப் போயிற்று. எழுந்து போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா வந்துட்டும்மா வாயில. மன்னிச்சிருங்க" என்றார். அன்று முழுக்க யார் மூக்கிலும் குச்சி வைக்கவில்லை. எனக்கு அவர்மேல் பாதிக் கோபமும் பாதி இரக்கமுமாக இருந்தது. என் பிள்ளைகளைப் பார்க்கும்போதும் உள்ளுக்குள் இப்படித்தான் கைதட்டிக்கொள்கிறாரோ என்றும் ஒரு எண்ணம் ஓடியது.

எங்கள் கடை அரிசிதான் அவர் வீட்டுக்கு. என் வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் அரிசிக்கடை. ஒரு தடவை மூட்டை இறக்கப் போனபோது நானும் பிள்ளைகளும் கூடப் போனோம். என் வீட்டுக்காரர் கேட்டேவிட்டார்.

"ரெண்டும் ஒரே அச்சு. ஒரே வயித்துல ஒண்ணாக் கிடந்ததுக. பெறகு எப்படிம்மா ஒருத்திக்கு மட்டும் இந்தப் பாடு?"

"அண்ணாச்சி, உங்க குடோன்ல எத்தனை தினுசு மூட்டை இருக்கு?"

"அது கிடக்கும் நெறைய."

"பக்கத்துல இதே சரக்கோட இன்னொரு கடை இருக்குன்னு வச்சுக்கிடுங்க. மூட்டைக்கு மூட்டை ஒண்ணுதான். அவசரமா ஒருத்தரு வந்து புழுங்கலரிசி கேக்காரு. உங்க கடையில அந்த மூட்டை பிரிச்சு முன்னால இருக்கு. அளந்து போட்டு அனுப்பிட்டிய. அந்தக் கடையில அது உள்ள கட்டின கட்டோட கிடக்கு. வந்தவரு சத்தம் போடுதாரு. கடைக்காரரு பதறிப்போயி, கையில கிடைச்ச மூட்டையெல்லாம் பிரிச்சுக் கொட்டிட்டாரு. இப்ப கடைக்குள்ள கால் வைக்க இடமில்ல."

"மூச்சு முட்டும்லா" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதான். ஜீனுங்கிறது மூட்டை. உங்க பிள்ளைக ரெண்டு பேருக்கும் ஒரே மூட்டைகதான். வந்த கிருமியும் ஒண்ணுதான். மூச்சுக்குழல் தோல்ல அந்த நேரத்துல எந்த மூட்டை பிரிஞ்சிருக்கு, எது கட்டிக் கிடக்குங்கிறதுலதான் வித்தியாசம் இருக்கணும்னு நினைக்கேன்."

"யாரு கட்டினது, யாரு பிரிச்சது?"

"அது எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. நான் நினைக்கது சரியான்னுகூடத் தெரியாது. அதைப் பாக்கதுக்கு நம்ம ஊர்ல வழி கிடையாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னத்துக்கோ மனசுக்கு இதமாக இருந்தது. இப்போதெல்லாம் மூக்கில் துடைத்த பஞ்சிலிருந்தே எந்த ஜீன் வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று பார்த்துவிடுகிறார்களாம். பேப்பரில் அந்த மாதிரிச் செய்தி வந்தால் நான் விடாமல் படிக்கிறேன். பாதி புரியாது. மூட்டை மூட்டையாகத்தான் மனசில் ஓடும்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசாமல் வந்தார். ஏதோ ஆழமாக யோசிக்கிறார் என்று நினைத்தேன். "அந்தக் கடைக்காரன் சரியான கோட்டிக்காரனா இருப்பான் போலுக்கே. புத்தி உள்ளவன் எல்லா மூட்டையையுமா பிரிச்சுக் கொட்டுவான்?" என்றார்.

இரட்டைப் பிள்ளை வளர்க்கிற வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்கும் செய்ய வேண்டும். குறை வைத்தால் ஒன்று வாடிப் போகும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரே துணியில்தான் இருவருக்கும் பாவாடை. ஒரே நாளில் காதுகுத்து. திருச்செந்தூரில் ஒரே நேரத்தில் மொட்டை. எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்துக்கு என் வீட்டுக்காரர்தான் காவல். பிறந்ததிலிருந்து தராசு பிடித்த கை. ஒரு அதிரசம் இருந்தால் இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியில் ஒரு விள்ளலைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, சமன் ஆன பிறகுதான் கொடுப்பார். ஒருத்தி சேட்டை செய்து அடி வாங்கினால் இன்னொருத்திக்கும் பேருக்கு ஒன்று வைப்பார். வடிவு செய்யாத தப்புக்கெல்லாம் அடி வாங்கி, அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுவருஷம் கார்த்திகையில் அடைமழை. ஆற்றில் செந்தண்ணீர் படித்துறைகளை மூடிப் போய்க்கொண்டிருந்தது. வழக்கம்போல இருவருக்கும் சளி. கோமதிக்கு நெஞ்சில் சத்தம் ஆரம்பித்ததுமே டாக்டரம்மாவிடம் காட்டி, மூச்சுக்குழலை விரிக்கிற மருந்து வாங்கி வந்தோம். இனிப்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். மூடியில் அளந்து, நேரம் தவறாமல் கொடுக்கவேண்டும். மழையில் ஊரெல்லாம் டெலிபோன் லைன் அறுந்து கிடந்ததால் எனக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். எத்தனை ஆம்பிளைகள் செய்வார்கள் இதை?

மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. இளைப்பு குறையவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது கோமதி கண்ணை மூடிக் கிடந்தாள். கழுத்துக்குழி உள்ளே உள்ளே போகிறது. உதட்டில் நீலம். அழுவதற்குக்கூடப் பிள்ளைக்கு மூச்சு இல்லை. மதினி தலைமாட்டில் உட்கார்ந்து திருநீறு பூசிக்கொண்டிருந்தார். "என்னத்தட்டி குடுத்த?" என்றார் என்னைப் பார்த்ததும். நான் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா சாப்பிட உட்கார்ந்திருந்தார். எச்சில் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்து வந்து, தன் காரிலேயே எங்களை ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மதினியும் என் வீட்டுக்காரரும் வடிவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். உள்ளே ஆக்சிஜன் வைத்தார்கள். புகை மருந்து வைத்தார்கள். அவர் சின்ன டாக்டரிடம் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. இந்த மருந்து பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் நரம்பில் ஏற்றுகிற மருந்துக்குப் போகவேண்டும், அது பலமான மருந்து, சின்னப் பிள்ளைக்கு ஏற்றும்போது இதயம் தாங்கவேண்டும். சின்ன டாக்டர் ஊசியை எடுக்கப் போனார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது டாக்டரம்மா திரும்பி, "நல்லா இருக்கிற பிள்ளை எங்க?" என்றார்.

மதினிக்குத் தாங்கவில்லை. "பிள்ளை உயிரு ஊசலாடுது, இந்த நேரத்துலயுமாம்மா?" என்றார். உண்மையைச் சொல்வதென்றால் அதைவிடக் கேவலமாக ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்திருந்தது. மேலப்பாளையத்து அம்மாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் காதில் வாங்கவில்லை. வாசலில் என் வீட்டுக்காரர் வடிவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். டாக்டரம்மா போய், அவசரத்திலும் ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்து, வடிவின் நெஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். புருவம் நெரிந்தது. "கையை நீட்டு தாயி" என்றார். வடிவு நீட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"இவ ராத்திரி தூங்கினாளா?"

"எங்கம்மா தூங்குதா? பாயில குதிச்சுக்கிட்டே கிடந்தா" என்றார் என் வீட்டுக்காரர்.

"அண்ணாச்சி, இந்தப் படபடப்பும் நடுக்கமும் அந்த மருந்து செய்யுத வேலை. அதை இவளுக்குக் குடுத்தியளா?"

"குடுத்தேன். புறப்படும்போதுகூடக் குடுத்தேன்."

"எவ்வளவு?"

"நீங்க சொன்ன அளவை ரெண்டாப் பிரிச்சு, ஆளுக்குச் சரிபாதி. இனிப்பா வேற இருக்கு. ஒருத்திக்குக் குடுத்து ஒருத்திக்குக் குடுக்காம இருந்தா அவ முகம் வாடிரும்லா?"

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். பிறகு உள்ளே ஓடினார். "ஊசி வேண்டாம், நிறுத்துங்க" என்று சின்ன டாக்டரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "மருந்து தோத்துப் போகல. பிள்ளைக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கு. அதே மருந்தை முழு அளவுல புகையா வைங்க. விட்டு விட்டு வைங்க, நான் கூட இருக்கேன்."

கூடவே இருந்தார். கோமதியின் நெஞ்சில் ஒரு கையை வைத்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தக் கழுத்துக்குழி அடங்கியது. பிள்ளை கண்ணைத் திறந்து, மூஞ்சியில் இருந்த முகமூடியைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று அழுதாள். நல்ல சத்தமாக அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் சிரித்ததைப் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

என் வீட்டுக்காரர் வராந்தாவில் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"சீக்கு பங்கு வச்சு வரலியே, அண்ணாச்சி. மருந்தை மட்டும் பங்கு வைக்கலாமா?"

அவர் வாய்விட்டு அழுதுவிட்டார். "அழாதிய. பிள்ளை பிழைச்சுக்கிட்டா. ரெண்டு பேருக்கும் பங்கு தவறக்கூடாதுன்னு நினைச்சிய, அது தப்பா?" என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. வார்டு ஜன்னல் வழியாக வெயில் கட்டில் வரைக்கும் வந்தது. கோமதி இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். டாக்டரம்மா பார்த்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்குள்ளே இத்தனை வருஷமாகக் கிடந்தது அன்று வெளியே வந்துவிட்டது.

"டாக்டரம்மா, மருந்து கூடக்குறையப் போனது இருக்கட்டும். சளி பிடிச்சா இவளுக்கு மட்டும் ஏன் இப்படி முத்துது? நான் என்ன செஞ்சேன்? பாலு சரியாக் குடுக்கலியா? வேலைக்குப் போனதாலயா? வயித்துல இருக்கும்போதே ஏதும் தப்பாத் தின்னுட்டேனா?"

"ஏன் முத்துதுன்னு எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கே சொன்னேம்லா."

"எல்லாரும் நான்தான்னு சொல்லுதாங்க."

"இவளுக்கு என்ன பாலு குடுத்திய?"

"எம் பாலுதான்."

"வடிவுக்கு?"

"அவளுக்கும் அதான்."

"தண்ணி? சோறு? போர்வை? நீங்க வேலைக்குப் போறப்போ ரெண்டு பேரையும் விட்டுட்டுத்தான போறிய?"

"ஆமா."

"நீங்க செஞ்ச தப்புன்னா ரெண்டு பேரும்லா கட்டில்ல கிடக்கணும்?" டாக்டரம்மா என் தோளைப் பிடித்து வராந்தாப் பக்கம் திருப்பினார். அங்கே வடிவு நர்ஸின் சேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, எனக்கும் ஊசி போடு என்று ரகளை பண்ணிக்கொண்டிருந்தாள். "அங்கன பாருங்க. அவளுக்கும் நீங்கதான அம்மை?"

நான் பார்த்தேன். வடிவை அப்படி நின்று பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் கொழுகொழுவென்று, கன்னமெல்லாம் சிவந்து, நன்றாக இருந்தாள். அவளை நான்தான் வளர்த்திருந்தேன். டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மதினி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கோமதியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டு, பழக்கம் போகுமா, கேட்டார்:

"என்னத்தட்டி குடுத்த பிள்ளைக்கு?"

"வடிவுக்கு என்ன குடுத்தேனோ, அதைத்தான் மதினி குடுத்தேன்" என்றேன்.

மதினி என்னைப் பார்த்தார். வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்த வடிவைப் பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து, முதல் டம்ளர் கஞ்சியை ஊற்றி என் கையில் கொடுத்தார்.